பறக்கும் ரயிலின் சன்னலும் கீழே இருப்பவர்களும்

என்னோடு கவுண்டரில் உட்காரும் நண்பர் ஒருவர் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை பாசஞ்சர் ரயிலில் போய்விட்டு வந்தார். திங்கட்கிழமை காலை டோக்கன் கூப்பிடுவதற்கு முன்பே செல்போனை நீட்டி படம் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஆரியங்காவு, தென்மலை, கழுதுருட்டிப் பக்கத்தில் 13 கண் பாலம், குகை, குகைக்கு அந்தப் பக்கம் மழை. 1904-ல் போட்ட பாதை. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள், 2018-ல் அகலப்பாதையாகத் திறந்துவிட்டார்கள். “ஒரு தடவை போய்ப் பாருங்க சார், ஜென்ம சாபல்யம்” என்றார்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. மலை இருந்தது, மேகம் இருந்தது, ஸ்டேஷன் பெயர்ப்பலகை இருந்தது. ஒரு படத்திலும் மனுஷன் இல்லை. குகையைக் குடைந்தவனும் கல் சுமந்தவளும் படத்தில் இருக்க நியாயமில்லை, அது நூறு வருஷத்துக்கு முந்தின கதை. ஆனால் இன்றைக்கு தண்டவாளத்தில் ஜல்லி தள்ளுகிறவன்? பிளாட்பாரம் கூட்டுகிறவள்? படம் எடுக்கும்போது அவர்கள் ஓரமாக நகர்ந்திருப்பார்கள். நாமாக நகராவிட்டால் நகரச் சொல்வார்கள் என்பது நம் ஆட்களுக்குப் பழகிப்போன விஷயம்.

இயற்கை எழில் என்கிறோமே, அது என்ன? யாரும் இல்லாத இடம் என்று அர்த்தமா, இருக்கிறவர்களைக் கணக்கில் எடுக்காத கண் என்று அர்த்தமா? இதைக் கேட்க நான் செங்கோட்டைக்குப் போக வேண்டியதில்லை. தினமும் காலை எட்டரை மணிக்கு நான் ஏறும் ரயிலே போதும்.

* * *

வேளச்சேரியிலிருந்து திருமயிலை. சீசன் டிக்கெட். பறக்கும் ரயில் என்று சனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் திருமயிலை வரை, 2004-ல் திருவான்மியூர் வரை, 2007-ல் வேளச்சேரி வரை. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர். தூண்களின் மேலே, வீட்டு மொட்டைமாடிகளின் உயரத்தில், பாதித் தூரம் பக்கிங்காம் கால்வாயின் தலைக்கு மேலேயே போகிறது.

இதுவும் எழில் கொஞ்சும் பயணம்தான், நம்புங்கள். கோட்டூர்புரம் ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் அடையாற்றைக் கடக்கும். அந்த அரை நிமிஷத்தில் பெட்டியில் இருக்கிற எல்லாத் தலையும் செல்போனை விட்டு நிமிரும். வலது கைப்பக்கம் திரு.வி.க. பாலம், அதற்கப்பால் ஆறு அகன்று கடலைப் பார்த்துப் போகிற முகத்துவாரம், தூரத்தில் தியசாபிகல் சொசைட்டியின் மரக்கூட்டம். ஐப்பசி மழை முடிந்த காலையில் தண்ணீர் வெள்ளியாய் மின்னும். கொக்கு நிற்கும். நானே அந்த ஆற்றை வைத்து மூன்று கவிதை எழுதியிருக்கிறேன். மூன்றிலும் கொக்கு வந்தது. ஆற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட ஒரு குடிசைகூட வரவில்லை. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிற கவிதைக்கு இந்த நோய் சீக்கிரம் தொற்றும்.

ஆறு முடிந்ததும் கிரீன்வேஸ் சாலை, பிறகு மந்தைவெளி. இங்கே பெட்டியில் வேறொரு காரியம் நடக்கும். கைக்குட்டை வெளியே வரும். கீழே கால்வாய். கறுப்புத் தண்ணீர், பிளாஸ்டிக், கரையை ஒட்டித் தகரமும் சிமெண்ட் சீட்டும் போட்ட வீடுகள், கொடியில் காயும் பள்ளிக்கூட யூனிபார்ம்.

போன வருஷம் ஒரு நாள் அதே நண்பர் என்னோடு வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “இந்த நாத்தத்துல எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ சார். இவங்களைக் கிளப்புனாத்தான் கால்வாய் உருப்படும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. செல்போனைப் பார்த்தேன்.

நான் பிறந்தது அந்தக் கரையில்தான். பன்னிரண்டு வயது வரை அந்தத் தண்ணீர் ஓரத்தில்தான் பந்து விளையாடினேன். என் ஆயா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியிலிருந்து இடுப்பில் என் அப்பாவோடு வந்து இறங்கிய இடம் அது. 1892-ல் வெள்ளைக்காரன் நமக்கென்று ஒதுக்கின பஞ்சமி நிலம் உன் ஊரில் இப்ப யார் கையிலே என்று கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பாள். நிலம் இல்லாததால் பட்டணம், பட்டணத்தில் இடம் இல்லாததால் கால்வாய்க் கரை. ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அப்பாவை வளர்த்தாள், அப்பா மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார். நான் பட்டதாரியாகி, பரீட்சை எழுதி, வங்கியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அதே இடத்தின் மேலே, பத்து மீட்டர் உயரத்தில், வாயை மூடிக்கொண்டு போனேன்.

இந்தக் கட்டுரை அந்த மவுனத்துக்கு நான் கட்டும் அபராதம்.

* * *

நண்பருக்கு அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கால்வாய். அது யாரோ அடையாமல் விட்ட சாக்கடை இல்லை, கையால் வெட்டினது. சென்னைக்கு வடக்கே 1806-லேயே கால்வாய் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, அதாவது திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக வருகிற துண்டு, 1877-78-ல் வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம் முடிந்தும் முடியாமலும் இருந்த நேரம். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேலே. ரயில் வந்துவிட்டது, இனிமேல் பஞ்சம் வராது என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கத்தின் காலம் அது. 1856-ல் ராயபுரத்தில் ஓடத் தொடங்கிய ரயில் இருந்தது, தானியமும் இருந்தது. வாங்கக் காசு இல்லாதவன் செத்தான். நிலம் இல்லாத கூலி முதலில் செத்தான். அந்தக் காலத்தில் நிலம் இல்லாதவன் எந்தத் தெருவில் இருந்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாகாமல் மிச்சம் இருந்தவர்களுக்கு நிவாரண வேலை கொடுத்தார்கள். சும்மா சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான் என்பது தத்துவம். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து, ஒரு ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தான். அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம், நாள் முழுக்க மண்வெட்டுகிறவனுக்கு! பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்ப் போன சனங்கள் வெட்டிய அந்தக் கால்வாய்க்குப் பெயர் வைக்கும்போது கவர்னரின் பெயர் வைத்தார்கள். பக்கிங்காம் பிரபு ஒரு கூடை மண் அள்ளவில்லை. அள்ளியவள் பெயர் ஒரு மைல்கல்லிலும் இல்லை.

ஆக, கரையில் இருக்கிறவர்கள் கால்வாயை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லும் வாய் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் கால்வாயே நம் முன்னோர்களின் பட்டினியில் வெட்டினது.

அடுத்தது, ஆக்கிரமிப்பு. சன்னலிலிருந்து குனிந்து பாருங்கள். குடிசை எங்கே இருக்கிறது? கரையில். ரயிலின் தூண் எங்கே இருக்கிறது? தண்ணீருக்குள்ளே. படகு போன கால்வாயின் வயிற்றில் வரிசையாகக் காங்கிரீட் தூண்களை இறக்கி, அதன் மேலே ஸ்டேஷன் கட்டிடங்களைத் தூக்கி வைத்திருக்கிறது. அகலம் சுருங்கிற்று, வெள்ளம் வடியத் தடையாயிற்று என்று படித்தவர்கள் எத்தனையோ முறை எழுதிவிட்டார்கள். கரையில் தகரம் போட்டவன் ஆக்கிரமிப்பாளன், நடுத்தண்ணீரில் தூண் போட்டால் அது வளர்ச்சி. நாற்றத்துக்கும் இதே கணக்கு. அந்தக் கறுப்புத் தண்ணீர் ஊர் முழுக்க இருக்கிற கக்கூசுகளின் தண்ணீர். மாடிவீட்டுக் கழிவு குழாய் வழியாக மறைந்து வருகிறது, குடிசைக் கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. மறைக்கத் தெரிந்தவன் சுத்தக்காரன். மனுவுக்கும் இதே தர்க்கம்தானே.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். அங்கே ஒரு பெரியவர் தன் மேல் நெருப்பு வைத்துக்கொண்டு செத்தார். அதற்கப்புறம்தான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே மாற்று வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஒரு கிழவன் எரிந்த பிறகுதான் ‘பக்கத்திலேயே வீடு தரலாம்’ என்ற யோசனை அரசாங்கத்துக்கு வரும் என்றால், அதற்கு முன்னால் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த யோசனை ஏன் வரவில்லை?

எங்கள் வீட்டை 2001-ல் கிளப்பினார்கள். லாரியில் பீரோ, அடுப்பு, ஆயா, நான். கண்ணகி நகர். மின்சாரம் வர நாளாயிற்று என்பதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய விஷயம். அம்மா வேலை பார்த்த வீடுகள் மந்தைவெளியில். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இரண்டு பஸ் மாறி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்றாவது மாசம் இரண்டு வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். எங்களைக் கிளப்பின கரைக்குப் பக்கத்திலேயே 2004-ல் ரயில் வந்தது. நாங்கள் போன இடத்துக்கு நடக்கிற தூரத்தில் அந்த ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன் இன்றைக்கும் இல்லை. “ஏண்டா கண்ணு, நம்ம இருந்தப்ப ரயிலு இல்ல, ரயிலு வந்தப்ப நம்ம இல்ல” என்று ஆயா ஒரு தடவை சொன்னாள். போக்குவரத்துத் திட்டம் பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாக இல்லை.

* * *

ரயில் சாதியை உடைக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 1853-ல், பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி ரயில் ஓடிய அதே வருஷம், மார்க்ஸ் அப்படித்தான் எழுதினார். ரயிலால் வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று கணித்தார். முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ரயில் பெட்டியில் டிக்கெட் இருந்தால் ஏறலாம், பக்கத்தில் யார் என்று கேட்க முடியாது. வில்லுவண்டியில், ஊர்க் கிணற்றில், கோயில் வாசலில் இல்லாத ஒன்று அது. நம் தாத்தாக்கள் சேரியை விட்டு வெளியேற அந்தப் பெட்டி உதவியது உண்மை.

ஆனால் ரயிலிலிருந்து இறங்கினால்?

1901-ல் சத்தாராவிலிருந்து நான்கு பிள்ளைகள் ரயிலேறி மசூர் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினார்கள். புதுச் சட்டை, சரிகைக் குல்லா, பட்டுக்கரை வேட்டி. கோரேகாவில் வேலையில் இருக்கும் அப்பாவைப் பார்க்க விடுமுறைப் பயணம். அனுப்பிய கடிதம் அப்பாவிடம் சேரவில்லை, அழைத்துப்போக யாரும் வரவில்லை. மற்றப் பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷன் மாதிரிதான் வந்து விசாரித்தார். உடுப்பைப் பார்த்து மேல்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்தார். யார் நீங்கள் என்று கேட்டார். மகார் என்று ஒரு பையன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறிற்று, விலகிப் போய்விட்டார். வாசலில் வாடகை வண்டிகள் நின்றன. இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றும் ஒருவனும் ஏற்ற வரவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு: இரட்டிப்புக் கூலியும் கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. யோசிக்காமல் பதில் சொன்ன அந்தப் பையன் அம்பேத்கர். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பின்னாளில் அவர் எழுதிய நினைவுக்குறிப்பில் முதல் சம்பவம் இது.

பள்ளிக்கூடப் புத்தகம் நமக்கு வேறொரு ஸ்டேஷனைச் சொல்லிக்கொடுத்தது. 1893-ல் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முதல் வகுப்பிலிருந்து காந்தி இறக்கிவிடப்பட்டார். அந்த அவமானத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ஸ்டேஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காந்தியை ரயிலிலிருந்து தள்ளினது அந்நிய நாட்டு நிறவெறி. அம்பேத்கரை ரயில் தள்ளவில்லை. ஒழுங்காகக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. தள்ளினது பிளாட்பாரத்துக்கு வெளியே இருக்கிற சொந்த ஊர். அதனால்தான் முதல் ஸ்டேஷன் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாவது ஸ்டேஷன் நாமே தேடிப் படிக்க வேண்டியதாக இருக்கிறது.

இன்னொன்று. அம்பேத்கரின் அப்பாவுக்குக் கோரேகாவில் என்ன வேலை தெரியுமா? பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த சனங்களுக்கு வேலை கொடுப்பதற்காக அங்கே அரசாங்கம் ஏரி வெட்டியது. அந்த வேலையில் அவர் காசாளர். பம்பாயில் பஞ்சத்துக்கு வெட்டின ஏரி, சென்னையில் பஞ்சத்துக்கு வெட்டின கால்வாய். கூலிக் கணக்கு எழுதிய காசாளரின் பிள்ளைக்கு ஸ்டேஷனில் தண்ணீர் இல்லை. நானும் காசு எண்ணுகிற வேலைதான் பார்க்கிறேன் என்பதால் அந்த அப்பாவை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் மாகாணம் மட்டும் ஒழுங்கா? ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணாளுக்குத் தனி இடம், இதராளுக்குத் தனி இடம் என்று இருந்தது 1941 வரை. பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் சண்டை போட்டுத்தான் அது போயிற்று. பெட்டிக்குள்ளே ஒரே பலகையில் உட்கார்ந்து வந்தவர்கள், இட்லி தின்ன இறங்கினதும் இரண்டு அறைக்குப் பிரிந்து போனார்கள்.

அது பழங்கதை என்பவர்களுக்கு என் கதை. கலியாணம் ஆன புதிதில் ரயிலுக்குப் பக்கமாக இந்திரா நகரில் வீடு தேடினேன். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை, மாடிப் போர்ஷன். வீட்டுக்காரம்மா மோர் கொடுத்தார். வங்கி வேலை என்றதும் முகம் மலர்ந்தது. “தம்பி, சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? நான்வெஜ் எல்லாம் உண்டா?” நான் மசூர் பையனைப் போல யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. யோசித்தேன். யோசித்த அந்த நேரமே பதிலாகிவிட்டது. சாயங்காலம் போன் வந்தது, சொந்தக்காரர்கள் வருகிறார்களாம், வீடு இல்லையாம். 1901-ல் ஸ்டேஷன் மாஸ்டர் நேராகக் கேட்டார். இப்போது தெருவையும் சாப்பாட்டையும் வைத்துச் சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். நாகரிகம் வளர்ந்த தூரம் அவ்வளவுதான்.

* * *

வேளச்சேரியில் ஏறி ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வாருங்கள். பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, திருமயிலை. பிரதமர் இருக்கிறார், மகாத்மாவின் மனைவி இருக்கிறார், மந்திரிகள் குடியிருக்கும் சாலை இருக்கிறது. மாடு மேய்ந்த மந்தைவெளிகூட இருக்கிறது. மாட்டுக்குக் கிடைத்த இடம் கரையில் ஒரு நூற்றாண்டு இருந்த மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. கால்வாய்க் கரை நகர்களில், குப்பங்களில் ஒன்றின் பெயரும் பலகையில் ஏறவில்லை. இந்தப் பக்கத்து மண்ணுக்கு நம் சரித்திரம் இல்லாமல் இல்லை. அடையாற்றில் 1894-ல் பஞ்சமர்களுக்காக ஆல்காட் இலவசப் பள்ளி திறந்தார். இராயப்பேட்டையிலிருந்து 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கினார். திருமயிலையில் இறங்கினால் நடந்தே போகலாம் இராயப்பேட்டைக்கு. எந்தப் பலகையும் அந்த வழியைக் காட்டாது.

பெயர்ப்பலகை மாறினால் வீடு வந்துவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். வராது. ஆனால் பெயர் இல்லாத இடத்தைக் கிளப்புவது சுலபம். “கால்வாய் ஓரம்” என்று சொன்னால் குப்பையை எடுப்பது மாதிரி எடுத்துவிடலாம். அதற்கு ஒரு நகர், ஒரு தெரு, முப்பது வருஷ ரேஷன் கார்டு, ஒரு கதை இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் கொஞ்சம் கஷ்டம்.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சன்னலில் பார்ப்பதோடு நிற்காமல் மந்தைவெளியில் இறங்குங்கள். கரையோரம் நடங்கள். எந்த வருஷம் வந்தீர்கள், எந்த ஊரிலிருந்து, என்ன வேலை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு எழுதுங்கள். அப்படியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் போய், கிளப்பப்பட்டவர்களிடம் வேலை போனது எப்போது, படிப்பு நின்றது யாருக்கு என்று எழுதுங்கள். கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். கோரிக்கை சின்னதுதான். கிளப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. கோவிந்தசாமி நகருக்கு ஒரு சாவுக்குப் பிறகு ஒப்புக்கொண்டதை எல்லாருக்கும், சாவு இல்லாமல்.

நண்பருக்கும் சொல்லிவிட்டேன். போன வாரம் மறுபடி என்னோடு ரயிலில் வந்தார். அடையாறு தாண்டும்போது படம் எடுத்தார். மந்தைவெளி நெருங்கும்போது கைக்குட்டையைத் தேடினார். நான் கீழே கைகாட்டி, “சார், அதோ அந்தத் தூணுக்கு எதிரே, நீலத் தகரம் தெரியுது பாருங்க. அதுக்குப் பக்கத்துலதான் எங்க வீடு இருந்துச்சு” என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருமயிலை வரை பேசவில்லை. இறங்கும்போது, “ஏன் சார் இவ்ளோ நாள் சொல்லலை?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.